இடறும் யந்திரம்: பொது மோட்டார் வண்டியைச் சோதிக்கும் முறை

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு வழியாகச் செல்லும் இப்பெருஞ்சாலை சென்னைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே இரவு பகல் ஓயாத போக்குவரத்தைத் தாங்கி நிற்பது. மணிலா மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டு செல்லும் வண்டியும், பிரசவ வேதனைப்படும் பெண்ணை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வண்டியும் அநேக கிராமங்களில் ஒன்றாகவே இருக்கும். பலர் பணம் சேர்த்து வாங்கிய அவ்வண்டி, லாரிகளுக்கு நடுவே முந்திச் செல்ல வேண்டிய தறுவாயில் இடறி வேகம் குறையுமானால் உள்ளே இருப்போரின் உயிருக்கே அபாயம். ஆகையால், விட்டு விட்டு வரும் இக்குறையை ‘ஓடுகிற வரை ஓடட்டும்’ என்று விட்டுவிடுதல் தகாது. அதே சமயம், காரணம் அறியாமல் பாகம் பாகமாக மாற்றிப் பொதுப் பணத்தைக் கரைப்பதும் தகாது. சங்கங்களில் அதிகமாக நடப்பது இந்த இரண்டாவதுதான்.

ஓட்டுநர்கள் இக்குறையை ‘மிஸ்ஸிங் அடிக்கிறது’ என்பார்கள். அதன் பொருள் யாதெனில், யந்திரத்திலுள்ள சிலிண்டர்களில் ஒன்றோ பலவோ தன் முறை வரும்போது வெடிக்கத் தவறுகிறது என்பதாகும். பெட்ரோல் யந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும், சுழல் தண்டு இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரு முறை வெடிக்க வேண்டும். வண்டி நின்ற நிலையில் யந்திரம் நிமிஷத்துக்கு 800 சுற்று ஓடுகிறதென்றால், ஒரு சிலிண்டருக்கு 400 வெடிப்பு. நான்கு சிலிண்டருக்கு 1,600. இவற்றில் ஒரு சிலிண்டரின் பங்கு முழுவதும் போய்விட்டால், நாலு மாடு பூட்டிய ஏரில் ஒரு மாடு படுத்துக்கொண்டதற்கு ஒப்பாகும். படுத்த மாட்டையும் மற்ற மூன்றே இழுத்துச் செல்லவேண்டியிருக்கும். மூன்று சிலிண்டர் உள்ள சிறிய வண்டிகளில் இந்த நஷ்டம் இன்னும் பெரிது. வண்டி முழுவதும் நடுங்கும்.

வெடிப்பு நிகழ மூன்று வேண்டும். சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை வேண்டும். கம்பிரஷன் எனப்படும் அமுக்கம் அதன்மேல் வேண்டும். தக்க சமயத்தில் பிளக்கின் முனையில் தீப்பொறி வேண்டும். எவ்வளவு புதிய வண்டியானாலும், எவ்வளவு பழைய வண்டியானாலும், குறை இம்மூன்றுக்குள் ஒன்றில்தான் இருக்கும். நான்காவதாக ஓர் இடம் கிடையாது.

இனி, பொது வண்டிக்கே உரிய ஒரு தொல்லையைக் கவனிக்க வேண்டும். சொந்த வண்டியை ஒருவரே ஓட்டுவதால் அதன் குணம் முழுவதும் அவருக்குத் தெரியும். சங்க வண்டியைத் திங்கட்கிழமை ஒருவர் ஓட்டுவார், புதன்கிழமை வேறொருவர். முதலாமவர் மூட்டையோடு பாலம் ஏறும்போது இடறியது என்பார். இரண்டாமவர் காலியாக ஓட்டியவராதலால் வண்டி நன்றாகவே இருக்கிறது என்பார். மெக்கானிக்கிடம் மூன்றாமவர் கொண்டுபோய் விடுவார். அவருக்கோ ஒன்றும் தெரியாது. மெக்கானிக் தன் அனுபவத்தைக் கொண்டு பிளக்கை மாற்றுவார். குறை ஒரு வாரம் மறைந்தது போலிருந்து மீண்டும் வரும். பிறகு காயில், அப்புறம் பெட்ரோல் பம்பு என்று ரசீதுகள் சேருமே தவிர, எந்த ரசீதிலும் குறை எது என்ற விவரம் இராது. இது மெக்கானிக்கின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. வைத்தியரிடம் வாய் திறவாத நோயாளியை அனுப்பியவர்களே இதற்குப் பொறுப்பாளிகள்.

எனவே முதல் வேலை, வண்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தைக் கயிற்றில் கட்டி வைப்பது. இடறல் வந்தபோது யந்திரம் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா, பாரம் எவ்வளவு, மேடா சமநிலமா, மழையா வெயிலா, எந்தப் பங்கில் எப்போது பெட்ரோல் போட்டது என்பவற்றை ஓட்டியவர் இரண்டு வரியில் எழுதினால் போதும். பத்து நாள் குறிப்பு சேர்ந்த பிறகு அதைப் படித்துப் பார்த்தால், பாதி நோய் தானே வெளிப்படும்.

எவ்வாறெனில், பாரம் ஏற்றி மேடு ஏறும்போது மட்டும் இடறுவது பெரும்பாலும் தீப்பொறியின் பலவீனம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் கலவை மிகுதியாகப் புகுந்து அமுக்கம் உயர்கிறது. அமுக்கம் உயர உயர, பிளக்கின் இரு முனைகளுக்கிடையே மின்சாரம் தாவுவது கடினமாகிறது. தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கும், சோர்ந்த காயிலும், வெடிப்பு விட்ட பிளக் வயரும் சமநிலத்தில் சமாளித்துக்கொண்டு, மேட்டில் கைவிடும். நின்ற நிலையில் இடறி, வேகம் எடுத்தால் சரியாகிவிடுவது வேறு ஜாதி. அது காற்றுக் கசிவையோ வால்வையோ காட்டும். அதிவேகத்தில் நீடித்து ஓடும்போது மட்டும் மூச்சுத் திணறுவது பெட்ரோல் போதாமையால் வருவது; அடைத்த பில்டரையும் சோர்ந்த பம்பையும் பார்க்க வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் காலை வேளையில் மட்டும் வருவது ஈரத்தின் வழியாக மின்சாரம் வெளியே ஒழுகுவதால் ஏற்படுவது. இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால் வயர்களின் மேல் நீலப் பொறி ஓடுவதைக் கண்ணாலேயே காணலாம்.

அடுத்தபடி, எந்தச் சிலிண்டர் என்று அறிய வேண்டும். பழைய வண்டிகளில் இது சுலபம். அம்பாஸிடர் கார் 1957 முதல் 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்டது. அதில் நெடுங்காலம் பொருத்தப்பட்டிருந்த 1489 சி.சி. யந்திரத்தில் ஒரே காயில். அதிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் பங்கீட்டுக் கருவி 1, 3, 4, 2 என்ற வரிசையில் நான்கு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும். 1910ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அமைத்த முறையிலிருந்து வந்ததே இது. யந்திரம் நின்ற நிலையில் ஓடும்போது, ரப்பர் உறையிட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் யந்திரம் உடனே தளரும். செத்த சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஒரு மாறுதலும் இராது. இன்றும் அத்தகைய வண்டி வைத்திருப்போர் பாயிண்டின் இடைவெளி 0.38 மில்லிமீட்டர் இருக்கிறதா என்பதையும், பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புதுப் பாயிண்ட் அடிக்கடி கருகுமானால், பாயிண்டைக் குறை சொல்லாமல் பக்கத்திலுள்ள கண்டென்சரை மாற்றுக. அற்ப விலையுள்ள அந்தச் சிறு குப்பி, சூடேறிய பிறகு மட்டும் கெட்டுப்போய் எத்தனையோ கைதேர்ந்த மெக்கானிக்குகளை ஏமாற்றியதுண்டு.

புதிய வண்டிகளில் வயரைக் கழற்றும் வித்தையைச் செய்யலாகாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு தனிக் காயில் உட்கார்ந்திருக்கிறது. இருபதாயிரம், முப்பதாயிரம் வோல்ட் அளவில் பாயும் மின்சாரம் வழியின்றித் தவித்தால் காயிலையும் கெடுக்கும், கையையும் தாக்கும். இவ்வண்டிகளில் யந்திரத்தை ஆளும் கம்ப்யூட்டரே சுழல் தண்டின் வேகத்தைக் கணந்தோறும் அளந்து, வெடிக்கத் தவறிய சிலிண்டரின் முறையில் ஏற்படும் சிறு தளர்ச்சியைக் கண்டு குறித்து வைக்கிறது. ஸ்கேனரை மாட்டினால் பி 0301, பி 0302 என்று வரும். கடைசி எண் சிலிண்டரின் எண். பி 0300 என்று வந்தால் குறை ஒரே சிலிண்டரில் நிற்கவில்லை என்று பொருள். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்கு உட்பட்ட கார்களில் இவ்வசதி உண்டு. அதற்கு முந்திய பல வண்டிகளிலும் உண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஸ்கேனர் சிலிண்டர் எது என்று சொல்லுமே தவிர, காரணம் எது என்று சொல்லாது. ‘பி 0302 வந்தது, ஆகவே இரண்டாம் காயிலை மாற்றினோம்’ என்பது, வயிறு வலிக்கிறது என்றவுடன் வயிற்றை மாற்றியதற்குச் சமானம்.

காரணத்தை அறியும் உபாயம் ஒன்று உண்டு. அதற்குச் செலவு கிடையாது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தை இப்பக்கத்து விவசாயிகள் அறிவார்கள். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 என்ற மணிலா ரகத்தின் பெயரிலுள்ள எழுத்துக்கள் அவ்வூரைக் குறிப்பவையே. புது விதையைச் சோதிப்போர் அதைத் தனியே விதைத்து ‘நன்றாக விளைந்தது’ என்று சொல்லி விடுவதில்லை. அதே மண், அதே நீர், அதே எரு இட்டுப் பக்கத்துப் பாத்தியில் பழைய ரகத்தையும் விதைத்து ஒப்பிடுகிறார்கள். ஒன்று தவிர மற்றவையெல்லாம் சமமாக இருந்தால்தான் வேற்றுமைக்குக் காரணம் அந்த ஒன்று என்று சொல்ல முடியும். யந்திரத்திலோ பாத்திகள் ஏற்கனவே தயாராக இருக்கின்றன. ஒரே பெட்ரோல், ஒரே காற்று, ஒரே சூடு. நான்கு சிலிண்டரும் நான்கு பாத்தி. சந்தேகப்படும் பாகத்தை ஒரு பாத்தியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி, நோய் கூடவே போகிறதா என்று பார்க்க வேண்டியதுதான்.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். நான்கு சிலிண்டர் உள்ள ஒரு சங்க வண்டி பாரத்தோடு விக்கிரவாண்டிப் பக்கத்து மேம்பாலம் ஏறும்போதெல்லாம் இடறுகிறது என்றும், ஸ்கேனரில் பி 0302 காட்டுகிறது என்றும், நான்கு பிளக்கும் இரண்டாம் காயிலும் புதிதாகப் போட்டும் பயனில்லை என்றும் வைத்துக்கொள்க. யந்திரம் ஆறிய பின், இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதற்கும், மூன்றாவதன் காயிலை இரண்டாவதற்கும் மாற்ற வேண்டும். கூடவே இரண்டாம் சிலிண்டரின் பிளக்கை நான்காவதற்கும், நான்காவதன் பிளக்கை இரண்டாவதற்கும் மாற்றலாம். இரண்டையும் வெவ்வேறு சிலிண்டருக்கு அனுப்புவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பழைய குறிப்பை ஸ்கேனரில் அழித்துவிட்டு, அதே பாரத்தோடு அதே பாலத்தை ஏறிப் பார்க்க வேண்டும். இப்போது பி 0303 வந்தால் காயில் குற்றவாளி. பி 0304 வந்தால் பிளக். மறுபடியும் பி 0302 தானே வந்தால் இரண்டும் நிரபராதிகள். குறை அந்தச் சிலிண்டரைச் சேர்ந்த வேறொன்றில் இருக்கிறது. ஒரே பயணத்தில் இரண்டு கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

இந்த உதாரண வண்டியில் பி 0302 தான் மீண்டும் வந்தது என்க. அடுத்து இன்ஜெக்டர், பெட்ரோலைத் தூற்றும் அக்கருவியையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள், குறை நகரவில்லை. கம்பிரஷனும் நான்கிலும் சமமாக இருந்தது. எஞ்சியது கம்ப்யூட்டரிலிருந்து அச்சிலிண்டருக்கு வரும் வயர் ஒன்றுதான். யந்திரத்தை ஓடவிட்டு, வயர்க் கற்றையைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே வர, ஓரிடத்தில் யந்திரம் தடுமாறியது. உறையைப் பிரித்துப் பார்த்தால், எலி கடித்த தடம்! இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் இரண்டே செப்பு இழைகள் மிச்சம் இருந்தன. பாரம் இழுக்கும்போது யந்திரம் தன் ரப்பர்ப் பிடிப்பின் மேல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. சாயும்போது வயர் இழுபட்டு, இழைகள் பிரிந்து, பெட்ரோல் நின்றுவிடுகிறது. ஆகவே தீப்பொறிக் குறையைப் போலவே மேட்டில் மட்டும் தோன்றி எல்லோரையும் ஏமாற்றியது. பற்றவைத்து உறையிட ஆன செலவு ஒரு பிளக்கின் விலைக்கும் கீழேதான் இருக்கும். மணிலாவும் நெல்லும் அடுக்கிய கிடங்கின் ஓரத்திலே வண்டியை நிறுத்தும் சங்கங்கள் இந்த எலி விஷயத்தை வேடிக்கையாக எண்ணலாகாது. தானிய வாசனைக்கு வரும் எலி, குளிர்காலத்தில் யந்திரத்தின் வெதுவெதுப்பை நாடி மேலே ஏறிக்கொள்ளும்.

கழற்றிய பிளக்கைத் துடைத்துவிடாமல் முதலில் பார்க்க வேண்டும்; அது சிலிண்டருக்குள்ளே இருந்து வந்த சாட்சி. முனை இளம் பழுப்பாக இருந்தால் சுகம். கரிய பொடி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. கருமையோடு எண்ணெய்ப் பசையும் இருந்தால் ரிங்குகளின் வழியாகவோ வால்வின் வழியாகவோ எண்ணெய் ஏறுகிறது. வெண்மையாகி வெந்து போயிருந்தால் காற்று மிகுதி அல்லது அதிகச் சூடு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ரேடியேட்டர் நீர் அந்தச் சிலிண்டருக்குள் கசிகிறது என்ற சந்தேகம் கொள்ளவேண்டும்.

நின்ற நிலையில் மட்டும் இடறும் வண்டிக்கு வேறு பரிசோதனை உண்டு. இரண்டடி நீளமுள்ள ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை மேனிஃபோல்டு ஓரங்களிலும் சிறு குழாய்களின் இணைப்புகளிலும் நகர்த்தினால், காற்று உறிஞ்சும் சீழ்க்கை கேட்கும் இடமே கசிவு. இதைச் செய்பவர் தோள்துண்டைக் கழற்றி வைத்துவிட்டே குனிய வேண்டும். ரேடியேட்டர் விசிறி சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

கசிவு இல்லையென்றால் கம்பிரஷனை அளக்க வேண்டும். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் தடுத்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் கேஜில் அளவு தெரியும். சாதாரண பெட்ரோல் யந்திரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 13 கிலோ வரை இருக்கலாம். மொத்த அளவைவிட முக்கியமானது சிலிண்டர்களுக்குள் உள்ள வேற்றுமை. பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒன்று தாழ்ந்திருந்தால் அதில் நோய் உண்டு. தாழ்ந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்தது. உயராவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்தாற்போல் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கிடையே ஹெட் கேஸ்கெட் எரிந்திருக்கும்.

எரிவாயுவில் ஓடும் வண்டிகளுக்கு இவ்விடத்தில் தனி எச்சரிக்கை வேண்டும். எல்.பி.ஜி.யில் நெடுநாள் ஓடும் யந்திரத்தில் வால்வு தன் பீடத்துக்குள் சிறிது சிறிதாக இறங்குகிறது. அப்போது டேப்பெட்டின் இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுவதும் மூடாத நிலை வருகிறது. டேப்பெட் ‘டக் டக்’ என்று அடித்தால் எல்லோரும் மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். இடைவெளி போய்ச் சத்தம் அடங்கிய டேப்பெட்டை எவரும் கவனிப்பதில்லை. ஆபத்தானது பின்னதே. மூடாத வால்வின் ஓரத்தில் நெருப்பு ஒழுகி அதைத் தின்றுவிடும். காலையில் சிறிதே நடுங்குகிறது என்ற நிலையில் ஃபீலர் கேஜ் வைத்துச் சரி செய்தால் கூலியோடு போகும். ஆறு மாதம் தாமதித்தால் ஹெட்டை இறக்க வேண்டும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 முதல் 20 சதவீதம் எதனால் கலந்த பெட்ரோல் நாட்டில் பரவத் தொடங்கியது. எதனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. நீர் அளவு மீறும்போது நீரும் எதனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியே பிரிந்து நிற்கும். அறுவடைக்கு அறுவடை ஓட்டி, இடையே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு இது பொருந்தும். எல்லாச் சிலிண்டரும் ஒருங்கே இடறினால், தொட்டியின் அடிப்பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓரிரவு அசையாமல் வைத்துப் பார்க்கலாம். அடியில் தனிப் படுகை தெரிந்தால் காரணம் அதுவே.

இடறும் வண்டியை அப்படியே ஓட்டுவதில் மற்றொரு நஷ்டமும் அபாயமும் உண்டு. வெடிக்காத பெட்ரோல் சைலன்சர் வழியே போகும்போது, புகையைச் சுத்திகரிக்கும் கன்வெர்ட்டரில் சேர்ந்து அங்கே எரிகிறது. அதனால் அது அளவுக்கு மீறிக் காய்ந்து, உள்ளிருக்கும் பீங்கான் வலை உருகி அடைத்துக்கொள்ளும். பலருக்குக் கன்வெர்ட்டரின் விலை ரசீது வந்த பிறகே தெரிகிறது. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் கவனிக்கலாம். சிமிட்டினால் ஓரமாக நிறுத்திவிட வேண்டும். நிறுத்தும் இடத்தையும் பார்க்க வேண்டும். இப்பக்கத்துக் கிளைச் சாலைகளில் உளுந்துச் செடியையும் நெற்கதிரையும் வண்டிச் சக்கரம் மிதிக்கட்டும் என்று பரப்பி வைக்கிறார்கள். காய்ந்த கன்வெர்ட்டரின் கீழே வைக்கோல் சிக்குமானால் தீப்பற்றும்; வண்டியும் போகும், களமும் போகும்.

பழுது பார்த்து வந்த வண்டியைப் பணிமனை வாசலில் உறுமவிட்டுப் பார்த்து ஏற்றுக்கொள்ளலாகாது. நோட்டுப் புத்தகத்தில் குறை தோன்றியதாக எழுதிய அதே பாரம், அதே மேடு, அதே வேளையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் பழைய குறிப்புகளை அழித்த பின் இரண்டு மூன்று நாள் ஓட்டி, விளக்கு எரியாவிட்டாலும் உள்ளே புதுக் குறிப்பு ஏதேனும் பதிந்திருக்கிறதா என்று மீண்டும் பார்க்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை மெக்கானிக்கிடமிருந்து கேட்டு வாங்கி, எந்தச் சிலிண்டருக்குரியது என்று சீட்டு ஒட்டிச் சங்க அலுவலகத்தில் வைக்க வேண்டும். அவற்றில் நல்லவையாக மீந்தவை அடுத்த முறை மாற்றிப் பார்க்கும் சோதனைக்கு உதவும். 500 கிலோமீட்டர் ஓடிய பின் குறை இருந்த சிலிண்டரின் பிளக்கை ஒரு முறை கழற்றி, நிறத்தை மற்றவற்றோடு ஒப்பிட்டு, தேதியோடு அதே நோட்டில் எழுதிவிட்டுத் திரும்பப் பொருத்துக.